கைப்பிடியான தூண்கள்: கட்டட மென்பொருள்களில் ஒரு வழுவமைதி வரலாறு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம்முடைய பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்திருந்தார். கல்லூரியில் கணிதம் பயின்றவர். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் மட்டும் நம்மிடம் படித்தவர். பட்டம் பெற்றபின் கணினி வரைவுப் பயிற்சி முடித்து, இன்று கோயம்புத்தூரில் அயல்நாட்டுக் கட்டடங்களுக்கு முப்பரிமாண உருமாதிரி அமைத்துத் தரும் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறார். வழக்கமான கலகலப்பு அன்று அவரிடம் இல்லை. எடுத்து வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"ஐயா, 46 தூண்களைக் காணவில்லை என்று என்னைத் திட்டிவிட்டார்கள்" என்றார்.

தூண் காணாமல் போகுமா? விவரம் கேட்டோம். எங்கோ ஓர் அயல்நாட்டு வீடு. அதன் தோட்டத்தில் வளைந்து செல்லும் நடைபாதை. பாதையின் இருபுறமும் சம இடைவெளியில் மரத்தூண்கள், மேலே கொடிப்பந்தல். மென்பொருளில் தூணுக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஆனால், அந்த வளைவில் அளவு பார்த்து ஒவ்வொரு தூணாக நட வேண்டும். வீட்டுக்காரர் வளைவை மாற்றினாலோ அத்தனையையும் பிடுங்கி மீண்டும் நட வேண்டும். வீட்டுக்காரர் மூன்று முறை மாற்றினார்! நம் மாணவர் ஓர் உபாயம் செய்தார். படிக்கட்டுக்கும் மாடத்துக்கும் கைப்பிடி அமைக்கும் கருவியை எடுத்தார். பாதையை வரைந்தால் போதும். கைப்பிடியைத் தாங்கும் கம்பிகள் சொன்ன இடைவெளியில் தாமே வரிசையாக நின்றுவிடும். கம்பியின் இடத்தில் மரத்தூணை வைத்தார், மேலே வரும் கைப்பிடியை நீக்கினார். வளைவு மாறினால் தூண்களும் கூடவே நகர்ந்தன. படம் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனால், மரம் வாங்குவதற்காகத் தூண்களின் பட்டியலைக் கேட்டபோது, மென்பொருள் அந்த 46 தூண்களையும் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குத் தெரிந்தவரை அவை தூண்களே அல்ல, கைப்பிடியின் உறுப்புகள். மரம் குறைந்தது, வேலை நின்றது, பழி வந்தது.

"படத்தில் தூண் இருக்கிறது, பட்டியலில் இல்லை. நான் செய்தது தவறா ஐயா?" என்று கேட்டார்.

அன்று நம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை. தமிழ் கற்பிக்கும் நமக்கும் இந்தத் துறைக்கும் என்ன தொடர்பு என்று விட்டுவிடவும் மனமில்லை. சில வாரங்கள் இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அது நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இலக்கணச் சிக்கலாகவே தோன்றியது. அந்த மாணவருக்குத் தாமதமாகச் சொல்லும் விடையே இக்கட்டுரை.

கோடு பெயர் பெற்ற கதை

தாளில் வரையும் கட்டட வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு இணைகோடுகள். அவற்றைச் சுவர் என்று புரிந்துகொள்பவர் படிப்பவரே. கோட்டுக்குத் தான் சுவர் என்பது தெரியாது. கணினி வரைவின் தொடக்கமும் இப்படிப்பட்ட கோடுகளே. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லேண்ட் தம் முனைவர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரைவு நிரலை உருவாக்கினார். டி.எக்ஸ்-2 என்னும் பெருங்கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரையலாம். ஒரு மூல உருவை வரைந்து வைத்து, அதன் படிகளைப் பல இடங்களில் நிறுத்தலாம். மூலத்தைத் திருத்தினால் படிகள் அனைத்தும் திருந்தும்! இன்றைய மென்பொருள்களில் ஒரு சன்னலை மாற்றினால் நூறு சன்னல்கள் மாறுகின்றனவே, அதற்கான வித்து அங்கே ஊன்றப்பட்டது. ஆயினும் அந்தக் கோடுகளுக்குத் தாம் சுவரா, தூணா என்பது இன்னும் தெரியவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975-இல், சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வரைபடங்களுக்கு மாற்றாகக் கணினியைக் கட்டட வடிவமைப்பில் பயன்படுத்துவது பற்றிய கட்டுரை அது. ஒரு கட்டடத்துக்குத் தளப்படம், வெட்டுத்தோற்றம், முகப்பு என்று தனித்தனியே வரைவதால்தான் ஒன்றில் செய்த திருத்தம் இன்னொன்றில் விடுபடுகிறது. கட்டடத்தின் உறுப்புகளையே கணினியில் ஒருமுறை விவரித்துவிட்டால், எல்லாப் படங்களையும் அதிலிருந்தே பெறலாம்; பொருள்களின் அளவையும் அதிலிருந்தே எண்ணலாம் என்பது அவருடைய கருத்தின் சாரம். 'கட்டடத் தகவல் மாதிரி' என்று இன்று வழங்கும் முறைக்கு அது முன்னோடி.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்றே நிற்க வேண்டும். எண்ண வேண்டுமானால் பெயரிட வேண்டும். "இது சுவர், இது தளம், இது கூரை, இது உத்தரம்" என்று கணினிக்குச் சொல்லியாக வேண்டும். பெயரிட்டவுடன் ஒவ்வொன்றுக்கும் இலக்கணம் வந்துவிடும். சுவர் நின்றிருக்கும்; தளம் படுத்திருக்கும்; கூரை சாய்ந்திருக்கும். கோட்டுக்கு அறிவு வந்த அதே நாளில் விலங்கும் வந்துவிட்டது! உலகில் உள்ள சுவர்கள் எல்லாம் அந்த இலக்கணத்துக்குள் அடங்குவனவா? அடங்காதவற்றை என்ன செய்வது? உபாயங்களின் வரலாறு இந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

புடாபெஸ்டில் பிறந்த உபாயம்

உபாயங்களுக்குப் பெயர்பெற்ற மென்பொருள்களுள் ஒன்று ஆர்க்கிகேட். அதன் பிறப்பே ஓர் உபாயந்தான் என்றால் மிகையில்லை. 1982-ஆம் ஆண்டு, பொதுவுடைமை ஆட்சியில் இருந்த ஹங்கேரியில், காபோர் பொயார் என்ற இயற்பியலாளர் 'கிராஃபிசாஃப்ட்' நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, பாக்ஷ் நகரில் எழுந்துகொண்டிருந்த அணுமின் நிலையத்தின் குழாய்களை முப்பரிமாணத்தில் உருவாக்கித் தருவது. ஆற்றல்மிக்க கணினிகளை மேற்கு நாடுகளிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுவரத் தடை இருந்த காலம் அது. பெரிய கணினி செய்யும் வேலையைச் சிறிய கணினியைக் கொண்டு செய்தாக வேண்டும். தேவையற்ற ஒவ்வொரு கணக்கையும் வெட்டி எறிந்து நிரல் எழுதும் கலையை அந்த நெருக்கடி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் 'லிசா' கணினிக்கு அவர்கள் உருவாக்கிய நிரலே பின்னர் ஆர்க்கிகேட் என்று பெயர் பெற்றது.

அதில் சுவர், தளம், கூரை, தூண், உத்தரம் எனக் கருவிகள் இருந்தன. அவற்றுக்குள் அடங்காத நாற்காலி, சன்னல், விளக்கு முதலியவற்றுக்காக 'ஜி.டி.எல்.' என்ற சிறு நிரல்மொழியும் இருந்தது. அதில் ஒரு பெட்டிக்கு ஒரு சொல், உருளைக்கு ஒரு சொல், குயவர் சக்கரம்போல் ஒரு வடிவை அச்சில் சுழற்றி உருவாக்க ஒரு சொல். அம்மொழியைக் கற்றவர் எதையும் ஆக்கலாம். ஆனால், கட்டடக்கலைஞர்களில் நிரல் எழுதத் துணிந்தவர் எத்தனை பேர்? எஞ்சியவர்கள் கையில் இருந்த கருவிகளையே வளைக்கக் கற்றார்கள்.

எடுத்துக்காட்டாக, வழக்கில் இல்லாத வடிவில் ஒரு சன்னல் வேண்டும். சன்னலின் சட்டங்களைத் தளக் கருவியால் தரையில் படுக்கவைத்தே வரைவார்கள். கண்ணாடி ஒரு மெல்லிய தளம். சட்டம் நடுவில் ஓட்டையிட்ட கனத்த தளம். முடிந்ததும் அந்தத் தொகுப்பைச் 'சன்னல்' என்ற பெயரில் சேமித்தால், அடுத்த கணம் அது சுவரில் நிமிர்ந்து நிற்கும்! தரையில் பிறந்து சுவரில் ஏறிய சன்னல்கள் எத்தனையோ.

இன்னொன்று, சுவரில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வேண்டும் என்றால் செய்வது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரு திண்மத்திலிருந்து இன்னொரு திண்மத்தைக் கழிக்கும் வசதி இந்த மென்பொருளுக்கு வந்தது. பள்ளம் வேண்டிய இடத்தில் ஓர் உத்தரத்தைச் சுவருக்குள் செருகுவார்கள். சுவரிலிருந்து உத்தரத்தைக் கழிக்கச் சொல்வார்கள். பிறகு அந்த உத்தரத்தைக் கண்ணுக்குத் தெரியாத அடுக்கில் ஒளித்துவைப்பார்கள். உத்தரம் மறைந்தாலும் பள்ளம் நிற்கும். பல மாதங்கள் கழித்து வேறொருவர் அந்தக் கோப்பைத் திறந்து, "இது என்ன, யாருக்கும் பயன்படாத உத்தரம்?" என்று அதை நீக்கிவிட்டால் பள்ளம் தூர்ந்துபோகும். காரணம் எவருக்கும் விளங்காது. காணாமற்போன நம் மாணவரின் தூண்களுக்கு மூத்த உறவு இந்த மறைந்திருக்கும் உத்தரம்.

இந்த உபாயங்களை மென்பொருளை ஆக்கியவர்களும் கவனித்தே வந்தனர் என்று அடுத்தடுத்த பதிப்புகளைப் பார்த்தால் எண்ணத் தோன்றுகிறது. சாய்ந்த சுவரும், விரும்பிய குறுக்குவெட்டில் அமையும் சுவரும் 2006-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் இலக்கணத்துக்குள் வந்தன. வளைந்த ஓடுகளுக்கான கருவி 2011-இல் வந்தது. எந்தப் பெயரும் இல்லாமல், களிமண்போல் இழுத்தும் அழுத்தியும் வடிக்கத்தக்க கருவி 2012-இல் வந்தது. அடிபருத்து நுனி சிறுக்கும் தூணுக்கு உரிய வழி 2019-இல்தான் கிடைத்தது. மேலே போகப்போகச் சிறுக்கும் தூணைக் கிரேக்கர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நட்டுவிட்டார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அப்படிப்பட்ட தூண்களைச் செய்தவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வேற்றுப் பெயரில்தான் செய்திருக்க வேண்டும். நேற்றைய உபாயம் இன்றைய கருவி. இலக்கணத்தில் வழக்கு முந்தியது, விதி பிந்தியது என்று படிக்கிறோமே, இங்கும் அதுவே நடந்திருக்கிறது.

பார்சிலோனாவின் இரு சாட்சிகள்

இதுவரை கண்டவை சிறிய உபாயங்கள். ஒரு கருவியைத் தவிர்த்து மற்றொரு கருவியை எடுப்பதோடு முடிபவை. ஒரு துறையின் மென்பொருளையே விட்டுவிட்டு வேறொரு துறையின் வாசலைத் தட்டிய கதைகளும் உண்டு. அவற்றுள் இரண்டு, ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் நிகழ்ந்தவை.

முதலாவது ஒரு மீன். 1992-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளையொட்டிக் கடற்கரையில் ஃபிராங்க் கெரி என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த பிரம்மாண்டமான மீன் சிற்பம். நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். எஃகுச் சட்டத்தின் மேல் பொன்னிறப் பட்டைகளைப் பின்னியது போன்ற தோற்றம். கெரி கணினியில் வடிவமைப்பவர் அல்லர். கையால் மாதிரி செய்பவர். அந்த மாதிரியின் வளைவை, கட்டுபவர்களுக்குத் துல்லியமாகச் சொல்வது எப்படி? கட்டடத்துக்கான அன்றைய வரைவு மென்பொருள்களால் அது ஆகவில்லை. அவருடைய அலுவலகத்தில் இருந்த ஜிம் கிளிம்ஃப் விமானத் துறையின் பக்கம் திரும்பினார். பிரான்சின் டசோ நிறுவனம் போர்விமானங்களை வடிவமைக்க 1977 முதல் வளர்த்த 'கேட்டியா' என்னும் மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். அதற்குச் சுவரும் தெரியாது, கதவும் தெரியாது. ஆனால், வளைபரப்பின் ஒவ்வொரு புள்ளியும் தெரியும். அந்த மீனில் கற்ற பாடமே 1997-இல் பில்பாவோ நகரில் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகத்தை நிற்கவைத்தது. பின்னர் கெரியின் குழுவினர் தனி நிறுவனமே தொடங்கி, கேட்டியாவின் மேல் கட்டடக் கருவிகளைச் சேர்த்து ஒரு மென்பொருளை வெளியிட்டனர். இரவல் வாங்கப் போனவர்கள் கடைசியில் கடையே திறந்துவிட்டார்கள்!

இரண்டாவது சாட்சி, சக்ராதா ஃபமிலியா தேவாலயம். 1882-இல் தொடங்கிய பணி. மறு ஆண்டு அந்தோனி கௌடியின் பொறுப்புக்கு வந்தது. 1926-இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற சுதை மாதிரிகள் 1936-இல் உள்நாட்டுப் போரின்போது உடைத்தெறியப்பட்டன. உடைந்த துண்டுகளைப் பொருத்தி, அவற்றின் பின்னால் இருந்த வடிவியல் விதியைக் கண்டறிவது அடுத்த தலைமுறைகளின் பணியாயிற்று. 1979-இல் அப்பணியில் சேர்ந்த மார்க் பரி என்ற நியூசிலாந்து நாட்டவர், வளைபரப்புகள் ஒன்றையொன்று வெட்டும் கோடுகளைத் தொடக்கத்தில் கையாலேயே வரைந்து கண்டார். தொண்ணூறுகளில் கணினி வந்தபோதும் கட்டட மென்பொருள்கள் கைகொடுக்கவில்லை. அங்கும் விமானத்துக்கும் கப்பலுக்கும் ஆன மென்பொருள்களையே நாட வேண்டியிருந்தது.

அத்தேவாலயத்தின் தூணை மட்டும் சற்றே விளக்குவோம். எட்டு முனை கொண்ட ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மேல்நோக்கி உயர்த்திக்கொண்டே வலப்பக்கமாகத் திருகுங்கள். முறுக்கிய தூண் ஒன்று கிடைக்கும். அதே வடிவத்தை அதே அளவு இடப்பக்கமாகத் திருகி இன்னொரு தூண் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் நிறுத்தி மற்றதைச் செதுக்கி எறியுங்கள். எஞ்சுவதுதான் கௌடியின் தூண்! அடியில் எட்டாக இருக்கும் விளிம்புகள் மேலே பதினாறாகும், பிறகு முப்பத்திரண்டாகும். உச்சியை நெருங்கும்போது வட்டமாகவே தோன்றும். எந்த மென்பொருளின் தூண் கருவியிலும் இப்படி ஒரு தூண் இருந்ததில்லை. திருகு, உயர்த்து, வெட்டு, பொதுவானதை நிறுத்து என்ற வினைகளின் தொடர்தான் அது. சுவருக்குள் உத்தரத்தைச் செருகிக் கழிக்கும் வரைவாளர் செய்வதும் இதே இனத்து வேலைதான். வேறுபாடு ஒன்று உண்டு. கௌடியின் வினைத்தொடரைக் கண்டறிந்தவர்கள் அதை எழுதிவைத்தார்கள். அதனால்தான் அடுத்தவர் கட்ட முடிந்தது. அத்தூண்கள் தாங்கும் பெருமண்டபம் 2010-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

பெயரில்லாதவற்றின் பெயர்

நம் மாணவர் பயன்படுத்தும் மென்பொருள் ரெவிட். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்து, 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பெயரிடுவதில் இன்னும் கண்டிப்பானது. ஒவ்வொரு பொருளும் ஒரு வகைக்குள் பிறந்தாக வேண்டும். கண்டிப்பு மிகுந்த இடத்தில் உபாயமும் மிகும் அல்லவா? சாய்தளத்துக்கென உள்ள கருவி சரிப்படாமல், தளத்தையே சாய்த்துச் சாய்தளம் ஆக்குவோர் பலர். கண்ணாடித் திரைச்சுவர் கருவியின் கட்டங்களைக் கொண்டு மரச்சட்டங்களை அடுக்குவோர் உண்டு. கைப்பிடிக் கருவியோ வேலி, நடைபாதை விளிம்புக்கல், குழாய் என்று எதற்கெல்லாமோ உதவுகிறது. கோவையிலும் சென்னையிலும் இவ்வேலையைச் செய்யும் நம் பிள்ளைகள் இவற்றை ஒருவரிடமிருந்து ஒருவர் செவிவழியாகக் கற்கிறார்கள்.

ஒரு மென்பொருளில் செய்ததை இன்னொரு மென்பொருள் புரிந்துகொள்வதற்காக 'ஐ.எஃப்.சி.' என்ற பொதுவடிவம் தொண்ணூறுகளில் உருவாயிற்று. 2013-இல் அது உலகத் தரமாயிற்று. கட்டடத்தின் உறுப்புகளை எல்லாம் வகைப்படுத்தி அடுக்கும் நிகண்டு அது எனலாம். சுவர், தளம், தூண், படி என்று அடுக்கியவர்கள், இவற்றுள் எதிலும் அடங்காத உறுப்புக்கென ஒரு பதிலிப் பெயரையும் வைத்தார்கள். 'இதற்குக் குறிப்பிட்ட பொருள் வரையறுக்கப்படவில்லை' என்பதே அதன் பொருள்! நம் இலக்கண ஆசிரியர்கள் இயலின் இறுதியில் புறனடைச் சூத்திரம் வைத்து, சொல்லாமல் விட்டவற்றுக்கு ஒரு கதவைத் திறந்து வைப்பார்களே, அதேதான். எவ்வளவு விரிந்த நிகண்டுக்கும் ஒரு புறனடை தேவைப்படுகிறது. உலகம் எப்போதும் பட்டியலை விடப் பெரியது.

வழுவா, வழுவமைதியா?

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். தூணைக் கைப்பிடி என்று நிறுத்தியது தவறா?

தமிழ் இலக்கணத்தில் மூன்று நிலைகள் உண்டு. பிழையின்றி அமைவது வழாநிலை. பிழைபட அமைவது வழு. பிழையே ஆயினும், தக்க காரணம் பற்றிச் சான்றோர் ஏற்றுக்கொள்வது வழுவமைதி. தன் பசு வீடு திரும்பக் கண்டவன் உவகையால் "என் அம்மை வந்தாள்" என்கிறான். அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது பிழைதான். ஆனால், எவரும் அவனைத் திருத்துவதில்லை. ஏன்? சொல்பவனுக்கும் அது பசு என்று தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். காரணம் இருவருக்கும் பொதுவாக இருப்பதால் வழு அமைகிறது. அந்தக் காரணம் கேட்பவனுக்கு எட்டவில்லை என்றால்? அவன் வாசலில் ஒரு மூதாட்டியைத் தேடுவான்.

நம் மாணவரின் பட்டியல் வாசலில் அப்படித்தான் தேடியது. கைப்பிடியைத் தூணாக நிறுத்தியது அவருடைய திறமை; அதில் குற்றம் காண நமக்கு மனம் வரவில்லை. மூன்று முறை மாறிய வளைவை வேறு எப்படிச் சமாளிப்பது? ஆனால், "இவை பெயரால் கைப்பிடி, பொருளால் தூண்" என்ற ஒரு குறிப்பு, பட்டியல் எடுப்பவருக்கும் மரம் வாங்குபவருக்கும் போய்ச் சேரவில்லை. அறிவிக்கப்பட்ட உபாயம் வழுவமைதி. அறிவிக்கப்படாத உபாயம் வழு. புடாபெஸ்டின் மறைந்த உத்தரம், பார்சிலோனாவின் எழுதிவைத்த தூண் ஆகிய இரண்டும் நமக்குச் சொல்வது இதையே. மென்பொருள்களும் மெல்ல இதை உணர்ந்திருக்கின்றன. எந்தக் கருவியால் செய்தாலும், அதன் உண்மை வகை இன்னது என்று தனியே குறித்துவைக்கும் வசதி இன்று பலவற்றில் இருக்கிறது. கருவியின் பெயர் ஒன்று, பொருளின் பெயர் ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். வசதி இருந்தும் குறிப்பவர்கள் குறைவு என்பதுதான் மாணவர் தந்த செய்தி.

பழி முழுவதையும் அவர்மேல் போடுவதும் முறையன்று. இந்த உபாயங்களை எவரும் அவருக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. அருகில் இருந்தவர் செய்ததைப் பார்த்துக் கற்றார். செவிவழிக் கல்வியில் செய்முறை மட்டும் வந்து சேரும். எச்சரிக்கை வழியிலேயே உதிர்ந்துவிடும். பட்டறைகளிலும் பணிக்களங்களிலும் எழுதப்படாமல் போன நுட்பங்களுக்காக நாம் வருந்துகிறோம். நம் கண்ணெதிரே, நம் பிள்ளைகளின் விரல்நுனியில் புழங்கும் நுட்பங்களும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன என்பதை ஏனோ நினைப்பதில்லை.

சென்ற வாரம் தொலைபேசியில் அவரிடம் இதையெல்லாம் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "ஐயா, வழுவமைதி தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி, அன்றைக்கு எழுதாமல் விட்டுவிட்டேன்" என்று சிரித்தார். பிறகு, தாம் செய்யும் உபாயங்களை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டோம்.

"46 தூண்கள்" என்றார்.